என்னைக் கன்றென்று நினைத்த சிவப்பி

நாவற்குடாவில் பஸ்ஸுக்காக நடந்து போய்க்கொண்டிருந்தேன். தெருவோரம் மரக்கறி விற்கும் ஒரு அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, செருப்ப விட்டுட்டுப் போறீங்க!"

குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறும் தாரில் நின்றது. மத்தியான வெயில் ஏறிய தார். ஆனால் சூடு தெரியவில்லை.

"யாரையோ நினைச்சிட்டுப் போறார் போல" என்று அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

இதை வாசிக்கும் யாருக்காவது இப்படி நடந்தால் சிரியுங்கள். சிரித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் போகவில்லை. மறுநாள் காலையில் அறைப் படியில் இறங்கும்போது முழங்கால் மடிந்து கீழே உட்கார்ந்துவிட்டேன். என்னோடு அறையில் தங்கிப் படித்த ஜூட்தான் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனான். "பரீட்சைக்குப் பயந்து விழுந்தவன் நீ ஒருத்தன்தான்டா" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான்.

வைத்தியர் ஒரு சிறிய ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் தானாக உதற வேண்டும். பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அது அசையவில்லை. மற்றக் காலும் அசையவில்லை. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்துப் பார்த்தார்கள். நோய்க்கு கில்லன்-பாரே என்று பெயர் (உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய், பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும்). சில கிழமைகளுக்கு முன் எனக்கு வந்துபோன வயிற்றோட்டம் இதற்குத் தொடக்கமாக இருந்திருக்கலாம் என்றார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்து, பல்கலைக்கழகம் வரை போனவன் நான். அதனால் வைத்தியர் சொல்வதை அம்மாவுக்கு விளக்குவது என் பொறுப்பு என்று நினைத்தேன். வைத்தியர் அதற்கு இடம் வைக்கவில்லை. அம்மாவைப் பார்த்தே சொன்னார்.

"அம்மா, உடம்பில காவலுக்கு ஒரு படை இரிக்கி. கிருமிய அடிக்கப் போன படை, ஆள் மாறி இவர்ர நரம்பையே அடிக்குது. சொந்தத்த அந்நியம் எண்டு நினைச்சிட்டுது."

"மறுகா அது அடையாளம் கண்டுக்குமா டொக்டர்?"

"கண்டுக்கும். ஆனா அடிச்ச காயம் ஆறக் காலம் எடுக்கும். எவ்வளவு ஆறும் எண்டு இப்ப ஒருத்தராலும் சொல்ல ஏலாது."

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் அதன்பிறகு நான் வாழ்ந்தேன். மறுபடி நடப்பேனா? அவ்வளவுதான் கேள்வி.

நோய் இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு ஏறுகிறதா என்று பார்க்க, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார்கள். மூச்சுத் தசைகள் தளர்ந்தால் இயந்திரத்தில் போட வேண்டும். நான் எண்ணும்போதெல்லாம் அம்மாவும் கட்டில் அருகே நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வார். "நீங்க மூச்ச விடுங்க அம்மா, வருத்தம் இவருக்குத்தான், உங்களுக்கு இல்ல" என்று தாதி ஒருமுறை அதட்டினார்.

இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள் (பலர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்). யாரென்று தெரியாத மனிதர்களின் இரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று எனக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நோய் நெஞ்சுக்குக் கீழே நின்றுகொண்டது. என்னைக் காப்பாற்றியது அதுதான், நேரத்துக்குக் கிடைத்த மருத்துவம்தான். இனிச் சொல்லப்போவதை வாசிக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

அம்மா எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். எனக்கோ கோபம்.

"அம்மாளுக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா உன்ன இவ்வளவு தூரம் படிக்க வெச்சவ?"

"அப்ப கால ஏன் எடுத்தவ?"

அம்மா தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையை என் வாயில் வைத்தார். அதுவும் ஒரு பதில் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குப் புளித்தது.

சக்கர நாற்காலியோடு எங்கள் ஊர் மாங்கேணிக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் எனக்கு முந்தியே ஒரு துக்கம் வந்திருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்த நேரத்தில், எங்கள் பசு சிவப்பியின் கன்று வயிறு ஊதிச் செத்துப்போனது. எங்கள் ஊர் மாடுகள் கன்று பக்கத்தில் நின்றால்தான் பால் சுரக்கும். கன்று செத்தால் அதன் தோலை உரித்து, காயவைத்து, வைக்கோல் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். பசு அதை நக்கிக்கொண்டு பால் விடும்.

மாடு அம்மாவின் வேலை. அப்பா கரைவலை இழுக்கிறவர். ஆனாலும், அம்மா இல்லாத நேரத்தில் தானே ஒரு கன்று செய்து வைத்திருந்தார். தோல் பழுதாகாமல் இருக்க மீனுக்குப் போடுவதுபோல் உப்பை அள்ளிப் போட்டு வெயிலில் காயவிட்டிருந்தார். வைக்கோல் போதாத இடத்தில் பழைய வலைத் துண்டுகளைத் திணித்திருந்தார். சிவப்பி அதை ஒருமுறை மோந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"அப்பா, நீங்க செஞ்சது கண்டு இல்ல, கருவாடு" என்றார் என் கூடப்பிறந்த அக்கா.

"உப்புப் போட்டா கெடாது எண்டு நினைச்சன் புள்ள."

"கெடல்ல. மாடுதான் கெட்டுப் போயிற்று."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதன்முதலாக அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன். சிவப்பி மட்டும் மடி கனத்து, மரமுந்திரி மரத்தடியில் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

அதே மரத்தடியில்தான் என்னையும் உட்காரவைப்பார்கள். இயன்மருத்துவர் (தசைப் பயிற்சி தருபவர்) சொல்லிக் கொடுத்தபடி அக்கா என் கால்களை மடக்கி நீட்டுவார். அம்மா இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பார். உணர்வில்லாத காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும் என்று எச்சரித்திருந்ததால், முதலில் தன் கன்னத்தில் துணியை வைத்துப் பார்ப்பார்.

ஒரு பின்னேரம் அம்மா தண்ணீர் மாற்ற உள்ளே போயிருந்தார். சிவப்பி கயிற்றின் எல்லை வரை கழுத்தை நீட்டி என் இடது காலை நக்கத் தொடங்கியது. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, நிதானமாக, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய காலையோ யாரோ கழுவிவிடுவதுபோல் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

அப்போதுதான் கண்டேன். காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா! பால்!"

அம்மா வெளியே வந்தார். பார்த்தார். "வாளிய எடு புள்ள! மனே, நீ அசையாத!"

"நான் எங்க அம்மா அசையிற?" என்றேன். அம்மா பால் கறந்துகொண்டே சிரித்தார், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல்.

அதன்பிறகு இரண்டு நேரமும் நான்தான் கன்று. "கண்டக் கொண்டு வாங்க, பால் கறக்க நேரமாயிற்று" என்று அக்கா ஊருக்கே கேட்கும்படி கத்துவார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நான் பாரம் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. பாலுக்குக் காரணமானவன் பாரமாக இருக்க முடியாது அல்லவா? அன்றிலிருந்து சோறு இறங்கியது.

ஜூட் பார்க்க வந்தான். பால் கறப்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மாட்டுக்குத் தெரியாதாடா நீ கண்டு இல்லையெண்டு? உனக்கு வாலும் இல்ல."

"தெரிஞ்சா ஏன் நக்குது?"

"தெரிஞ்சுகொண்டே நக்குதெண்டா அது பெரிய விசயம், கோயில்ல சொல்லலாம். தெரியாம நக்குதெண்டா நீ பால் களவுக்கு உடந்தை."

"அது உப்புக்கு நக்குது" என்றார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா.

விஞ்ஞானம் படிக்கிறவன் என்பதால் சோதித்துப் பார்த்தேன். என் கால்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னேன். பக்கத்தில் ஒரு சிரட்டையில் உப்பு வைத்தோம். சிவப்பி முதலில் உப்புக்குத்தான் போனது. அப்பா என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தார். உப்பை நக்கி முடிக்கும்வரை ஒரு துளி பாலும் இறங்கவில்லை. பிறகு அது என்னிடம் திரும்பியது. வெறும் காலை நக்கியது. பால் இறங்கியது.

"சரி, ரெண்டும்தான்" என்றார் அப்பா.

அந்த "ரெண்டும்தான்" என்ற சொல்லை வைத்து நான் பல நாள் யோசித்தேன். மடி கனத்து நோகிற ஒரு மாடு. நக்குவதற்கு ஒரு கன்று அதற்கு வேண்டியிருந்தது. உப்பும் வேண்டியிருந்தது. தேவை கலந்தால் அன்பு பொய்யாகிவிடுமா? எங்கள் அம்மனுக்கும் தேவை உண்டு. வேறெங்கோ எல்லாவற்றையும் இழந்து, கோபத்தோடு இந்தக் கரைக்கு வந்தவள் என்று சொல்வார்கள். ஒவ்வொரு வைகாசியும் ஊர் கூடி அவளைக் குளிரவைக்கிறோம். அதற்குத்தான் குளிர்த்திச் சடங்கு என்று பெயர். குளிர்ந்ததும் அவள் எங்களுக்குத் தாயாகிவிடுகிறாள். அவள் பெற்ற பிள்ளைகள் இல்லை நாங்கள்.

என் உடம்பு ஒரு பிழை செய்தது: சொந்தத்தை அந்நியம் என்று நினைத்தது. சிவப்பியும் ஒரு பிழை செய்தது: அந்நியத்தைச் சொந்தம் என்று நினைத்தது. முதல் பிழை என்னைக் கிடத்தியது. கடவுளை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்களையும் எனக்குத் தெரியாது. ஆனால் கடவுளின் அன்பு என்று ஒன்று இருந்தால், அது இரண்டாவது பிழையைப் போலத்தான் இருக்கும் என்று நம்பத் தொடங்கினேன். வால் இருக்கிறதா என்று பார்க்காத அன்பு.

ஜூட்டுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "எங்கட கோயில் பாதருக்கு நீ சொன்னதெண்டு சொல்லமாட்டன், நான் சொன்னதெண்டு சொல்லுவன்" என்றான்.

மழை தொடங்கிய ஒரு காலை. வழக்கம்போல் நாற்காலி, வழக்கம்போல் சிவப்பி. அம்மாவின் வாளி முக்கால்வாசி நிறைந்திருந்தது. திடீரென்று என் இடது கெண்டைக்காலில் யாரோ அரத்தால் இழுத்ததுபோல் இருந்தது.

"ஆ!"

சிவப்பி மிரண்டு துள்ளியது. வாளி உருண்டது. அம்மா பாலிலும் சேற்றிலும் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்டா கத்தின? பாலெல்லாம் போயிற்று!"

"அம்மா, நாக்கு அராவுது!"

"மாட்டு நாக்கு அராவாம மெத்தையாட்டமா இரிக்கும்?" என்றவர் பாதியில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, எழும்பாமலே, சேறு பூசிய விரலால் என் காலைக் கிள்ளினார்.

"நோகுதா மனே?"

"நோகுது."

"இதுல?"

"நோகுது அம்மா, விடுங்க!"

விடவில்லை. அப்பா வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரும் கிள்ளினார். அக்கா வந்தார். அன்றைக்கு என் கால்கள் சிவந்துபோயின. நோவு இவ்வளவு இனிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கிளினிக்கில் வைத்தியர் சுத்தியலால் தட்டினார். கால் ஒரு நூலளவு உதறியது. சிவப்பியின் கதையைச் சொன்னேன். நரம்புறை தன் வேகத்தில்தான் வளரும், மாடு அதை வளர்க்காது என்று விளக்கினார். காலில் புண் இருந்தால் மாட்டை நக்க விடக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். நீங்களும் அதைக் கேளுங்கள். கடைசியில், "மாட்டுக்கு என்ன பேர் எண்டு சொன்னீங்க?" என்று கேட்டார்.

பிறகு எழும்பி நின்றேன், சிவப்பியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. பிறகு நடைப்பயிற்சிச் சட்டத்தோடு, பிறகு தடியோடு. நான் நடக்க நடக்க, சிவப்பி என்னை நக்குவது குறைந்தது. ஒருநாள் நிறுத்தியே விட்டது. பாலும் வற்றியது. நிற்கத் தெரிந்த கன்றைத் தாய் அப்படித்தான் விடும் என்றார் அம்மா. எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

வைகாசியில் அம்மன் கோயிலுக்குத் தடியோடு நடந்து போனேன். காலம் எனக்கு இப்போது வேறு மாதிரிப் போகிறது. கிழமை, மாதம் என்று எண்ணுவதில்லை. பெருவிரல் சூடறிந்த நாள், சின்ன விரல் மணலறிந்த நாள் என்று போகிறது. இடது காலின் நடுவிரல் இன்னும் வரவில்லை. வரும், வராமலும் போகலாம். அதற்காக நான் காத்திருப்பதில்லை, இடம் மட்டும் வைத்திருக்கிறேன்.

போன மாதம் சிவப்பி மறுபடி கன்று ஈன்றது. நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு நாம்பன் (ஆண்) கன்று. பழைய உரிமையில் தடியை மரத்தில் சாத்திவிட்டு, அதைத் தொட்டுப் பார்க்கக் கிட்டப் போனேன். சிவப்பி தலையைத் தாழ்த்தி, கொம்பை நீட்டிக்கொண்டு என்மேல் பாய்ந்தது.

ஓடினேன். மரமுந்திரியைச் சுற்றி, வலைக் குவியலைத் தாண்டி, வாசல் வரை. அக்கா கைதட்டிச் சிரித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தடி மரத்திலேயே சாய்ந்திருந்தது.

ஓடும்போது இடது செருப்பு கழன்றது. கழன்றது எனக்குத் தெரிந்தது.