ஒரு கால் மட்டும் உயரவில்லை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பெப்ரவரி மாதம். லண்டன் டூட்டிங்கில், ஒரு கடைக்கு மேலிருந்த சின்ன பிளாட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவருக்குப் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. எனக்கு நகரின் நடுவே ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மிச்சப் படிப்பை இங்கே முடித்து, கிடைத்த முதல் நல்ல வேலை அது.

நான் என்ன செய்கிறேன் என்று சொன்னால் வீட்டுக்கு வருபவர்கள் சிரிப்பார்கள். தென்துருவத்தில், கடலில் மிதக்கும் பெரும் பனித்தட்டின் மேல் ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே விழும் பனி உருகுவதில்லை. வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். முன்பு கட்டிய நிலையங்கள் அப்படியே புதைந்து, பாரம் தாங்காமல் நசிந்து போயிருந்தன. அதனால் இந்தமுறை கட்டடத்தை இரும்புக் கால்களின் மேல் நிறுத்தியிருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஜாக் வைத்துக் கட்டடத்தைத் தூக்கி, கால்களை நீட்டிவிட வேண்டும். அந்தக் கால்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கு என்னுடையது. பனி என்று நான் கண்டதெல்லாம் லண்டன் நடைபாதையில் கிடந்ததுதான்.

முதல்முறையாக அந்தக் கட்டடத்தைத் தூக்கிய வாரம் என் மேலாளர் விடுமுறையில் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசி வந்தது. பேசியவர் அங்கே வேலையை நடத்திய தலைமை ஃபிட்டர், வட இங்கிலாந்துக்காரர். நான் சொன்னது அவரிடம் போய், அவர் பதில் திரும்பி வருவதற்குள் ஒரு சின்ன மௌனம். மற்ற மூலைகளில் கட்டடம் ஏறுகிறது, ஒரு காலில் மட்டும் அசையவில்லை, ஜாக்கின் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது, இன்னும் தள்ளட்டுமா என்று கேட்டார்.

அதே அழைப்பில், எங்கள் அலுவலகத்துக்கு இந்த வேலையைத் தந்த நிறுவனத்தின் அதிகாரி ஒருவரும் லண்டனில் தன் அலுவலகத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடல் உறையத் தொடங்கிவிட்டது, கப்பல் காத்திருக்காது, அதைத் தவறவிட்டால் வேலைக்குப் போனவர்கள் இனித்தான் தொடங்கும் தென்துருவக் குளிர்காலம் முடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டும் என்றார். பிறகு, "உங்கள் கணக்கில் இன்னும் பாரம் ஏற்ற இடம் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

இடம் இருந்தது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "தள்ளுங்கள்" என்று ஒரு சொல் சொன்னால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கால் சாய்ந்து போய்ச் சிக்கியிருந்தால், தள்ளத் தள்ள மேலே இருக்கும் உத்திரம் வளைந்துவிடும்.

"இடம் இருக்கிறது. ஆனால் ஏன் சிக்கியது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் தள்ளச் சொல்ல மாட்டேன். இறக்கிவிட்டுத் தோண்டிப் பாருங்கள்" என்றேன்.

ஃபிட்டர் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதிகாரி வைக்கவில்லை. கப்பல் போய்விட்டால், இதை யார் சொன்னது என்பதைத் தான் மறக்கப்போவதில்லை என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"கப்பல் விட்டிட்டுப் போனா அவையளுக்குச் சாப்பாடு இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"அப்ப உயிரோட இருப்பினம். நீர் வந்து சாப்பிடும்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தாலே ஊரில் யாருக்கு என்னவோ என்று நெஞ்சு பதறும். அந்தச் சனி ஞாயிறில் மட்டும் அது அடிக்காதா என்று தவித்தேன். அடிக்கவில்லை. கணவர் என்னை விம்பிள்டன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பூசை முடியும்வரை என்னால் ஓரிடத்தில் இருக்க ஏலவில்லை. வெளியே வந்து தெருவில் மேலும் கீழும் நடந்தேன். திரும்பும்போது பனி கொட்டத் தொடங்கியது. திங்கட்கிழமை பாதி ரயில்கள் ஓடவில்லை. கொஞ்சத் தூரம் நடந்து, கொஞ்சத் தூரம் பஸ்ஸில் தொங்கி, சப்பாத்துக்குள் தண்ணீரோடு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். அதன்பின் தொலைபேசியைவிட்டு நகரவில்லை.

பின்னேரம் ஆகும்போது ஃபிட்டரின் குரல் வந்தது. தோண்டிப் பார்த்தார்களாம். கால் நேராகத்தான் நின்றதாம். கட்டடத்தின் சூட்டில் உருகிய நீர், கட்டடம் காலைப் பிடித்திருந்த வளையத்துக்குள் இறங்கி மறுபடி உறைந்து இறுகியிருந்ததாம். அதை உடைத்து எடுத்ததும் கட்டடம் ஏறிவிட்டது. கப்பல் இன்னும் நிற்கிறது, சாமான்களை ஏற்றுகிறோம் என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் அந்தப் பனி தானாக உடைந்திருக்குமா?"

"உடைந்திருக்கலாம். உத்திரமும் வளைந்திருக்கலாம்" என்றார்.

அதிகாரி எங்கள் மேலாளருக்கு முறைப்பாடு எழுதினார். வீணாக நாட்களைக் கடத்தியதாக. மேலாளர் என் முன்னாலேயே அதைப் படித்துவிட்டு, மடித்துக் கோப்புக்குள் வைத்தார். திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பல வாரங்கள் ஓடின.

மே மாதம் ஒருநாள், மூக்குத் தோல் உரிந்த ஒரு நடுத்தர வயது மனிதர் அலுவலகத்துக்கு வந்து என்னைக் கேட்டார். குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. தேநீர் கொடுத்தேன். முறைப்பாட்டைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது.

"நீங்கள் தள்ளச் சொல்லியிருந்தால் அந்த மூலைக்கு அடியில் போய் நின்றிருப்பவன் நான்தான். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

தேநீரைக் குடித்து முடித்து, கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவேயில்லை.

அன்று நான் சொன்னது சரியா, தேவையில்லாத பயமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் யாராவது என்னிடம் அவசரமாக ஒரு "ஓம்" கேட்கும்போதெல்லாம், அதற்கு அடியில் நிற்பவர் யார் என்று தேடிப் பார்க்கிறேன். அந்தத் தேடல் எனக்கு ஒருநாளும் நிம்மதி தந்ததில்லை, தராமல் இருப்பதே நல்லது.