சத்தம் பத்தாத ரேடியோ

எங்கள் வீட்டில் ரிப்பேரானது காரிலிருந்த ரேடியோதான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது? சொன்னவர் அப்பா. அந்தக் காரைப் பற்றி அப்பா ஒன்று சொன்னால் ஏற்காட்டில் அதற்கு மறுபேச்சுக் கிடையாது.

கார் என்றால் லேண்ட்மாஸ்டர். அம்பாசிடருக்கு மூத்த அண்ணன். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளி குடும்பம் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்குப் போனபோது, கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த இந்தக் காரை, நீயே வைத்துக்கொள் என்று அவரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா அதோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டி ஓட வைத்தார். அதன்பிறகு ஏரிக்கரை லாட்ஜில் தங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுவதும், கீழே சேலம் ஜங்ஷனில் கொண்டுபோய் விடுவதும்தான் எங்கள் பிழைப்பு. ஏற்காட்டில் டாக்ஸிக்கா பஞ்சம்? இருந்தாலும் லாட்ஜ் மேனேஜர் முதலில் கூப்பிடுவது அப்பாவைத்தான். அந்தக் காரில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஜனங்களுக்கு அப்படி ஓர் ஆசை.

அதிலும் அந்த ரேடியோ. கார் கம்பெனியிலிருந்து வரும்போதே டேஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்து வந்தது. இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு, நடுவில் கண்ணாடி, கண்ணாடிக்குள் ஊசி. வால்வு போட்ட ரேடியோ என்பதால் சுவிட்சைப் போட்டதும் பாடிவிடாது. வால்வு சூடேற வேண்டும். ஏறியவர்கள் “ஓடாதுங்களா?” என்று கேட்பதற்கும் அது கரகரத்து வாயைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும். நான் அப்போது மூன்றாவது படித்தேன். அந்தக் கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஏறுவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. இப்போது என் காரில் விரலால் தொட்டால் பாடுகிற திரை இருக்கிறது. தொட்டதும் பாடிவிடுகிறது, அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு நாள் அப்பா, ரேடியோவில் சத்தம் பத்தவில்லை என்றார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருந்தார். டி.வி., மிக்ஸி, செல்போன் எது வந்தாலும் பிரித்துவிடுவார். கம்பெனிக்காரனே கைவிட்ட சாமானைக்கூடத் தான் பேச வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார். ரேடியோவைக் கழற்றி எங்கள் வாசலில் கோணிப்பையை விரித்துப் பிரித்துப் போட்டார்.

“வைப்ரேட்டரு போயிருச்சுங்க மச்சான். கண்டன்சரு பூராம் ஒழுகிக் கெடக்குது. மாத்திப்புட்டா கணீர்னு பாடும், பாருங்க” என்றார்.

வைப்ரேட்டர் என்பது பேட்டரி கரண்டை வால்வுக்குத் தகுந்தபடி ஏற்றிக் கொடுக்கிற சாமான். தீப்பெட்டிக்குள் வண்டைப் பிடித்துப் போட்டதுபோல எந்நேரமும் இரையும். அது இப்போது எங்கேயும் கிடைக்காது என்பதால் மாமா இரண்டு டிரான்சிஸ்டரை வைத்து அதன் வேலையைச் செய்கிற ஒரு சின்ன போர்டைத் தானே தயாரித்து உள்ளே வைத்தார். கண்டன்சரையெல்லாம் மாற்றி, ரேடியோவைத் திரும்பக் காரில் மாட்டினார். இரைச்சல் நின்றது. பாட்டு வாசலிலிருந்து அடுப்படிவரை கேட்டது. அம்மா கரண்டியோடு வெளியே வந்து தம்பியைப் பெருமையாகப் பார்த்தாள்.

அப்பா டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “பரவால்ல. ஆனா சத்தம் பத்தல” என்றார்.

உண்மையில் அன்றைக்கே ரேடியோ சரியாகிவிட்டது. சரியில்லாதது அப்பாவின் காது. வருஷக்கணக்காக லாரி இன்ஜினைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு வேறு எப்படி ஆகும்? அது அவருக்கே தெரியாதா, தெரிந்தும் தெரியாததுபோல இருந்தாரா என்று நான் கேட்டதில்லை. ரேடியோவில் கோளாறு இருக்கிற வரைக்கும் காதில் கோளாறு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? காது மந்தமான டிரைவரை நம்பி மலைப்பாதையில் ஆள் ஏற்றிவிட எந்த லாட்ஜ்காரரும் ஒப்பமாட்டார். அவர் கூப்பிடாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. பாவம், அவர் வேறு என்னதான் செய்வார். காதுக்கு மிஷின் வாங்கி மாட்டியதெல்லாம் நான் காலேஜில் சேர்ந்த பிறகு.

அம்மாவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். “ஏனுங்க, ஏனுங்கன்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், ஊமச்சாமியாட்டம் உக்காந்திருக்கறதப் பாரு” என்று தினமும் சொல்வாள். ஆனால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பெண்கள் புருஷனைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் யாருக்கும் அதில் விசேஷமாக எதுவும் தோன்றவில்லை.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரை மாற்றினார். பழைய ஸ்பீக்கரின் காகிதம் ஓரத்தில் கிழிந்திருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, “இதுதாங்க மச்சான் குத்தவாளி” என்றார். புது ஸ்பீக்கர் போட்டதும் எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அப்பா இப்போதும் கையை வைத்துப் பார்த்துவிட்டு, எங்கேயோ எட்டத்தில் பாடுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

மாமா கடைசியாக உள்ளே ஒரு ஆம்ப்ளிபயர் போர்டையே வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். கூடவே எஃப்.எம்.மும் வரும். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வெளிமுகம் அப்படியே இருக்க வேண்டும். திருகும் ஊசியும் மஞ்சள் வெளிச்சமும் மாறக் கூடாது. வருகிறவர்கள் அதைப் பார்க்கத்தானே வருகிறார்கள். மாமா முகத்தைத் தொடவில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். மற்ற வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் வயர் பாடித் தகரத்தில் இணைந்திருக்கும், இந்தக் காரில் பாடி பிளஸ். வழக்கம்போல வயரைக் கொடுத்து சுவிட்சைப் போட்டார், போர்டு புகைந்து கருகி நாற்றம் அடித்தது. அக்கம்பக்கத்தார் என்ன நாற்றம் என்று கேட்டதற்கு, பழைய சாமானைச் சோதிப்பதாகச் சொன்னார். இரண்டாவது போர்டு பாடியில் எங்கேயும் படக் கூடாது என்பதற்காக என்னுடைய பிளாஸ்டிக் டிபன் பாக்ஸை எடுத்து அதற்குள் வைத்து மூடிவிட்டார். திங்கட்கிழமை நான் தயிர்சாதத்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆனால் டிபன் பாக்ஸ் பாடியது. என்னமாய்ப் பாடியது! அப்பா திருகைக் கடைசி மட்டும் திருப்பினார். காதைப் பொத்திக்கொண்டு நான் தள்ளி நின்றேன். அவர் முகம் மலர்ந்தது. “இப்ப கேக்குது” என்றார்.

இந்த இடத்தில் எங்கள் ஆரன் ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். லீவு நாட்களில் சேலம் சவாரி வந்தால் அப்பா என்னை முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். எங்கள் மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும். அதனால் கீழேயிருந்து வருகிறவர்கள் கொண்டை ஊசி வளைவில் திரும்புவதற்கு முன்னாலேயே ஆரன் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் அப்பாவின் கையில் தட்ட வேண்டும். பஸ், லாரி என்றால் ஒரு தட்டு, சின்ன வண்டி என்றால் இரண்டு தட்டு. ஒன்றைக்கூட விடாமல் சொல்லிவிட்டால் அடிவாரத்தில் மிளகாய் பஜ்ஜி. நான் ஒருநாளும் தோற்றதில்லை. வகுப்பில் என்னைப்போல ஆரன் கண்டுபிடிக்க ஆளில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். அப்பாவுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம், அதனால்தான் இப்படி விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிரியம் இருந்தது, அதில் சந்தேகமில்லை.

புது ரேடியோவோடு போன முதல் சேலம் சவாரியில் பின்சீட்டில் ஒரு புதுத் தம்பதி. அவர்களும் ரேடியோவைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். அப்பா திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டு வண்டியை எடுத்தார். முதல் சில வளைவுகளில் எதிரே யாரும் வரவில்லை. அப்பா பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. சுதி எங்கேயோ போயிற்று, ஆனால் அவ்வளவு சந்தோஷமாகப் பாடினார். பின்னால் இருந்த பெண், கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். அப்பா பாடிக்கொண்டே இருந்தார். எனக்கும் குறைக்கச் சொல்ல மனசு வரவில்லை.

அடுத்த வளைவில் திரும்பினால் கண்ணாடி முழுக்க பஸ். அப்பா பிரேக்கை மிதித்து வண்டியைச் சுவர்ப் பக்கம் ஒடித்தார். எங்கள் பானெட்டுக்கும் பஸ்ஸின் முகத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடமிருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ரேடியோ மட்டும் விடாமல் பாடிக்கொண்டிருந்தது.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். “எத்தன வாட்டி ஆரன் அடிக்கிறது? காது செவுடா?” என்று கத்தினார். மலைப்பாதையில் எல்லா டிரைவரும் எல்லா டிரைவரையும் கேட்கிற கேள்விதான். பிறகு உள்ளே குனிந்து பார்த்து, “அட, நீங்களாண்ணா? அந்தப் பாட்டக் கொறச்சு வையிங்கண்ணா, சாமி புண்ணியத்துல தப்பிச்சோம்” என்று தணிந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அடிவாரத்தில் வண்டி நிற்கவில்லை.

சாயங்காலம் மாமா வந்தார். வண்டியில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். அப்பா வைத்த இடத்திலேயே திருகு இருந்தது. பாட்டு அலறியதும் பதறிப்போய் அணைத்தார். திருகு நின்ற இடத்தைப் பார்த்தார். அப்பா முன்பக்கம் குனிந்து பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா இறங்கிப் போய் அவருக்குப் பின்னால் நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார்:

“மச்சான், வண்டி தீப்புடிச்சிருச்சுங்க.”

அப்பா துடைத்துக்கொண்டே இருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. அப்பாவுக்கு முன்னால் போய் முகத்தைப் பார்த்து, “டீ குடிக்கப் போலாங்களா?” என்று கேட்டார். அப்பா, போகலாம் என்று துணியை உதறினார். மாமா கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். தூசி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அந்தத் தம்பதி நடந்ததையெல்லாம் போனில் சொல்லியிருந்தார்கள். மாமா கடையைத் திறக்காமல் எங்களோடு வந்தார். லாட்ஜ் வாசலில் அப்பா காரைத் துடைக்கப் போய்விட்டார். மாமாவும் நானும் படியருகில் மேனேஜரோடு நின்றோம்.

“மத்ததெல்லாம் கெடக்கட்டுங்க, அந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லுச்சு. டிரைவருக்குக் காது கேக்குதான்னு கேக்குது. ஏனுங்க, எனக்கு உண்மை தெரிஞ்சாகோணும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா லாட்ஜுக்குத்தானே கெட்ட பேரு” என்றார் மேனேஜர்.

“அவுருக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க” என்று மாமா சிரித்தார். “எல்லாம் ரேடியோ பண்ற வேலைங்க. நான்தான் கிறுக்குத்தனமா ஒரு போர்டப் போட்டுட்டேன். சத்தம் தானா ஏறிக்குது, கொறைக்கவே முடியல. அதுல வயரிங்கும் கெட்டுப்போச்சு. பாடி பிளஸ் வண்டிங்க, மலை எறங்கறதுக்கு லைட்ட நம்ப முடியாது. நான் ரேடியோவக் கழட்டிட்டுப் போயி நிதானமாச் சரி பண்றேன். அதுவரைக்கும் ஊருக்குள்ள மட்டும் ஓட்டட்டும். சேலம் சவாரி வேண்டாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. என் டிபன் பாக்ஸையும் எடுத்து, அவ்வளவு நன்றாகப் பாடுகிற ரேடியோவைப் பற்றி இப்படிக் கூசாமல் புளுகுகிறாரே என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “பொய்! ரேடியோவுக்கு ஒண்ணுமே இல்ல. திருகினாக் கொறையும்” என்றேன்.

மாமா என் தோளை அழுத்தினார். நான் உதறிவிட்டு அப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

“அப்பா! நீங்களே சொல்லுங்கப்பா. ரேடியோ நல்லாத்தானே பாடுது?”

அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் கூப்பிட்டேன். மாமா சட்டென்று எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். ஆனாலும் மேனேஜர் எட்டி அப்பாவின் முதுகைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், “சரிங்க. ஊருக்குள்ளயே ஓட்டட்டும். ஏரி, லேடீஸ் சீட்டுப் பாறைன்னு சுத்திக் காட்டினாப் போதும். அதுக்கு ஆளு நான் அனுப்பறேன்” என்றார். மாமா அவரைக் கும்பிட்டார். ஒரு ரேடியோவைக் கழற்றுவதற்கு எதற்குக் கும்பிடு என்று எனக்கு விளங்கவில்லை.

அவ்வளவு கத்தியும் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் வந்ததைத் தட்டிச் சொல்லாமல் விட்டேனே, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அழுகையாக வந்தது, வீம்பும் வந்தது. நானும் இன்றைக்கு முழுக்க அவரைக் கூப்பிடப் போவதில்லை என்று முடிவு செய்தேன். கூப்பிடாமல் இருந்தால் அவருக்கு உறைக்கும் என்று நினைத்தேன்.