மே மாதத் தாளின் பின்பக்கம்

தினசரிக் காலண்டர் தொழிலில் முன்பக்கம் பஞ்சாங்கத்தின் பொறுப்பு, பின்பக்கம் என் பொறுப்பு. ராகுகாலமும் நல்ல நேரமும் முன்னால் இருக்கும். தாளைக் கிழித்துத் திருப்பினால் ஒரு சிரிப்பு, ஒரு சரித்திரத் துணுக்கு, இடம் மிச்சமிருந்தால் வெயிலுக்கு மோர் குடிக்கச் சொல்லி ஒரு வரி. நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். சொன்ன நாளுக்குள் அடுத்தவரைச் சிரிக்கவைத்துக் கொடுக்கும் வேலையில் உங்களில் யாராவது இருந்தால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

மற்ற மாதங்களை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். மே அப்படியில்லை. முப்பத்தொரு தாள், பள்ளிக்கூட லீவு வேறு. பிள்ளைகள் ஒன்றுவிடாமல் வாசித்துப் பழைய சிரிப்பு என்றால் உடனே சொல்லிவிடும். சித்ரா பௌர்ணமி மேயில் வந்தால் எனக்கு ஒரு தாள் லாபம். அன்று சாயங்காலம் கன்னியாகுமரியில் சூரியன் இறங்குவதையும் நிலா ஏறுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்று எழுதிவிடுவேன். இதுவரை ஏழு முறை எழுதியாயிற்று.

அடுத்த வருடத்துக் காலண்டரை இந்த வருடக் கோடையிலேயே எழுதி முடிக்க வேண்டும். ஆடியில் மாதிரிக் காலண்டர் கடைகளுக்குப் போய்விடும். இந்த முறை எல்லாவற்றையும் முடித்துவிட்டேன், மேயில் ஒரே ஒரு தாளைத் தவிர. போன வருடம் அந்தத் தேதியில்தான் என் வீட்டுக்காரர் தாணு இறந்துபோனார். இந்த வருடத்துத் தாள் அதற்கு முன்பே எழுதிக் கொடுத்தாயிற்று. எந்தத் தேதி என்று சொல்லமாட்டேன், உங்கள் வீட்டில் அன்றைக்குக் கல்யாண நாளாக இருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தாளும் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதை எழுத உட்கார்ந்தபோதுதான் பழைய மே மாதங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

அவசரப்பட்ட சண்டை

ஒரு வருடம் மே மாதத்துக்குச் சரக்குத் தீர்ந்துபோனது. குளச்சலில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர்ப் படை தோற்கடித்த கதையை எடுத்து ஒரு தாளில் போட்டுவிட்டேன். அது ஆகஸ்டில் நடந்தது. மேயில் போட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குளச்சலில் வலைக்கடை வைத்திருக்கும் ஒருவர் பஸ் ஏறி வந்துவிட்டார். கடைக்கு எங்களிடம் காலண்டர் அடித்து வாங்குகிறவர்தான். கோபப்படவில்லை, தண்ணீர் வாங்கிக் குடித்தார், தாளை என் முன்னால் விரித்து வைத்தார். எனக்குத் தேதி என்றால் நிரப்ப வேண்டிய இடம் மட்டும்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன். "எங்க ஊரு சண்டைய, மே மாசம் லீவு விட்டாச்சுன்னு முன்னாடியே நடத்திட்டியளா அக்கா?" என்றார்.

பஸ்ஸில் நடந்த பரீட்சை

தாணு அரசு பஸ்ஸில் கண்டக்டர், தேங்காய்ப்பட்டணம் தடம். காலையில் நான் எழுதிய சிரிப்பை வாங்கிக்கொண்டு போவார், கூட்டம் குறைந்த நேரத்தில் பஸ்ஸில் சொல்லிப் பார்ப்பார். எத்தனை பேர் சிரித்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று சாயங்காலம் எனக்குச் சொல்ல வேண்டும். முன் சீட்டு சிரிக்காத எதையும் நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை. சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரை நீங்கள் பார்த்திருந்தால் அது அவராகத்தான் இருக்கும்.

ஒருநாள் இந்தச் சிரிப்பைக் கொடுத்தனுப்பினேன். மரத்தில் இருந்த மாங்காய் எங்கே என்று மருமகள் கேட்கிறாள். காக்கா கொத்திவிட்டுப் போயிற்று என்கிறாள் மாமியார். அப்படியானால் இந்த உப்பும் மிளகாய்ப்பொடியும் காக்காவுக்கு எடுத்து வைத்ததா என்கிறாள் மருமகள். பஸ்ஸே சிரித்ததாம். மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இறங்கும் இடம் வந்ததும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு தாணுவைக் கேட்டிருக்கிறாள்: "இது எனக்க மருமவ என்னப் பாத்துக் கேட்டதாக்கும், ஒமக்கு ஆரு சொன்னா?"

அன்றைய சிரிப்பு

தாணு போன மறுநாள், வீடு நிறைய ஆட்கள். யாரோ பழக்கத்தில் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து மேசைமேல் வைத்திருந்தார்கள். நான் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருடப் புத்தி, எழுத்துப்பிழை பார்க்கிற புத்தி. முந்தின கோடையில் நானே எழுதியது. புருஷனுக்கு எவ்வளவு நேரம் ஓய்வு வேண்டும் என்று மனைவி கேட்கிறாள். நீங்கள் எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பீர்களோ அவ்வளவு நேரம் என்கிறார் டாக்டர். முதல் தடவை நான் வாசித்துக் காட்டியபோது தாணு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்கே இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. சுசீந்திரத்தில் எங்கள் தெருமுனை அரிசிக்கடைக்காரர் துட்டி கேட்க வந்தார். அவர் கடையிலும் எங்கள் காலண்டர்தான். அதிகம் பேசுகிறவர் இல்லை. எழுந்து போகும்போது சொன்னார்: "நேத்துள்ள தாள நான் கிழிக்கல்லம்மா, பின்பக்கத்த ஒருத்தரும் வாசிக்கக் கூடாதுன்னு கடையில சொல்லிப்போட்டேன்."

ஞானம்மாளின் தேதி

எங்கள் அச்சகத்தில் தாள்களை அடுக்கித் தகரப்பட்டை அடிப்பவள் ஞானம்மாள். குளச்சல்காரி. கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பி வரவில்லை என்று தெரியும். எந்த வருடம், எந்த நாள் என்று நான் கேட்டதில்லை. பதினோரு வருடமாக ஒரே தூக்குவாளியில் இருந்து குழம்பு பகிர்ந்து சாப்பிடுகிறோம், ஆனாலும் கேட்டதில்லை.

இந்த வாரம் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன், அந்த ஒரு தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடலாம் என்று இருக்கிறேன், எனக்கு அன்றைக்குச் சிரிப்பு எழுத வராது என்று. அவள் கையில் இருந்த உருண்டையைச் சாப்பிட்டு முடித்தாள். அவள் தேதியும் மேயில்தான் என்றாள். பதினோரு மே மாதங்களில் அந்தத் தாளில் நான் என்னென்ன போட்டிருப்பேன். அவள் குரலில் குறை சொல்கிற தொனியே இல்லை. "எனக்க தேதியிலயும் நீங்க சிரிப்புத்தான் போட்டிய அக்கா, நான் அத அடுக்கிப் பட்டை அடிச்சுத்தான் அனுப்பினேன்" என்றாள்.

சக்கைக்கு டிக்கெட்

நேற்று மத்தியானம் மரியதாஸ் அச்சகத்துக்கு வந்தார். தாணுவின் பஸ்ஸை ஓட்டிய டிரைவர், கடைசி நாளில் கூட இருந்தவர். ஒரு வருடமாக என் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஒளிப்பானேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டபிறகு வருத்தம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

பகல் இரண்டு மணிக்குத் தேங்காய்ப்பட்டணம் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு இருவரும் நிழலில் நின்றிருக்கிறார்கள். தாணு புதிதாக ஒரு சிரிப்பு சொல்ல ஆரம்பித்தார். ஓர் அம்மா இடுப்பில் பெரிய சக்கையோடு, முழுப் பலாப்பழம், பஸ் ஏறுகிறாள். சக்கைக்கும் டிக்கெட் எடுக்கணும் என்கிறான் கண்டக்டர். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா என்று கேட்டுவிட்டு, மேலே சொல்ல முடியாமல் தாணுவே சிரித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தார். சிரிப்பு தாங்காமல்தான் பிடிக்கிறார் என்று மரியதாஸும் சேர்ந்து சிரித்தாராம். தாணு கீழே உட்கார்ந்த பிறகும் மரியதாஸ் கொஞ்ச நேரம் சிரித்தாராம். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு நான் எழுதிக் கொடுத்தது இல்லை, பஸ்ஸில் யாரிடமோ கேட்டு எனக்காகக் கொண்டுவர இருந்ததாக இருக்கும். தெரியாது என்றதும் அவர் எழுந்துவிட்டார். "ஒரு வருசமா வண்டியில ஏறுதவங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டேன் மைனி, ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ, எதுவும் அண்ணன் சொல்ல வந்தது இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை

ராத்திரி தூங்கி எழுந்து, காலையில் அதற்கு முடிவு எழுத உட்கார்ந்தேன். தொழில் புத்தி விடுமா. நாலு முடிவு வந்தது, ஒன்றை நானே மெச்சிக்கொண்டேன். மாவட்டமே சிரிக்கும். ஆனால் அது என் சிரிப்பு. அவர் சொல்லாததை அவர் சொன்னதாகப் போட எனக்கு மனம் வரவில்லை. நாலையும் அடித்துவிட்டு, அந்தத் தேதித் தாளின் பின்பக்கத்தில் அவர் சொன்ன வரை எழுதினேன். சக்கை, டிக்கெட், அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா. அவ்வளவுதான். அதற்குக் கீழே மோர் குடிக்கச் சொல்லி ஒரு வரி.

முதலாளி வாசித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார், மீதி பின்னால் இருக்கிறதோ என்று. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அச்சுக்குப் போகிற தாள்கட்டுக்குள் அந்தத் தாளையும் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "மீதி எங்கன்னு கேட்டு ஊர்ல உள்ளவன் எல்லாம் வருவான், எல்லாரையும் ஒங்க மேசைக்குத்தான் அனுப்புவேன், பாத்துக்கிடுங்கம்மா."

பதினாறு வருடம் சிரிப்பு எழுதியதில் நான் கண்டது இவ்வளவுதான்: எவ்வளவு மட்டமான சிரிப்பையும் மன்னித்துவிடுகிற ஜனங்கள் பாதியில் நின்றதை மட்டும் மன்னிக்கமாட்டார்கள், நானும் அந்த ஜனங்களில் ஒருத்தி.