திராட்சை ஜூஸுக்கு எந்தக் கோடு நம்பர்?

வீட்டில் திராட்சை ஜூஸ் போட்டு விற்கிறேன். வங்கியில் கடன் கேட்டால், முதலில் தொழிலைப் பதிவு செய்துவிட்டு வரச் சொன்னார்கள்.

அதற்காக இன்று கூடலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன்.

"ஓடிபி வந்திருச்சா? வெரசாச் சொல்லுங்கக்கா, டைம் ஓடுது" என்று விரட்டினார் சென்டர்காரத் தம்பி.

பாதி சொன்ன பிறகுதான் திரையைப் பார்த்தேன். தொழில் வகை என்ற இடத்தில் ஒரு கோடு நம்பரும், பக்கத்தில் 'ஒயின் தயாரிப்பு' என்றும் இருந்தது.

ஓடிபியை அதோடு நிறுத்தினேன்.

"தம்பி, அதத் தொடாதீக! நானா ஒயின் காய்ச்சுறேன்?"

"உற்பத்தியில திராட்சைன்னு தேடுனா இந்தக் கோடு நம்பர்தான் மொதல்ல வருது. எல்லாம் ஒண்ணுதான்க்கா, பின்னாடி மாத்திக்கலாம்."

"இதப் பாத்தா பேங்க்ல கடனா குடுப்பாக? போலீசுக்குப் போனப் போடுவாக!"

அவர் கை சப்மிட் பட்டனை விட்டு நகரவில்லை. எட்டி மவுஸைப் பிடுங்கிக்கொண்டேன். பழச்சாறு வகையைத் தேடி எடுக்கும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை.

அவருக்கு என் மேல்தான் கோபம். "போன வாரம் ராயப்பன்பட்டி அக்கா ஜாம் தொழிலுக்கு வந்தாக. இதேதான் போட்டேன். அவுக ஒரு வார்த்த பேசல!"

ராயப்பன்பட்டியில் திராட்சை ஜாம் போடும் அக்காவை யாருக்காவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அரசாங்கக் கணக்கில் அவர் ஒயின் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.