ஹியூபேட்டை இரண்டாந்தரம் கேட்க வேண்டும்

கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டின் வீட்டுப் பக்கம் போகிறவர்கள் ஒரு விசயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவருக்கு எதையாவது கொடுப்பதென்றால் இரண்டு தரம் கேட்க வேண்டும். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று முதல் தரம் கேட்டால், "ஐயோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாறன்" என்பார். குடித்திருக்கவே மாட்டார். இரண்டாந்தரம் கேட்டால், "சரி, நீங்க இவ்வளவு சொல்லுறதால" என்று கையை நீட்டுவார். இது அவராகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. அவருடைய அப்பாவும் அப்படித்தான், அந்த ஒழுங்கையில் அரைவாசிப் பேரும் அப்படித்தான். கேட்டவுடனே வாங்கிக்கொள்கிறவனைக் காய்ந்து கிடந்தவன் என்பார்கள்.

ஆனால் ஹியூபேட் அந்த மரியாதையை அளவுக்கு மிஞ்சியே கடைப்பிடித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். துறைமுகத்தில் அவருக்கு ஒரு பதவி உயர்வு வந்தபோது, "எனக்கேன் சேர், வேற ஆக்களுக்குக் குடுங்க" என்றார். மேலதிகாரி புதிதாக வந்தவர். நல்ல மனுசன், சொன்னதைக் கேட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். ஹியூபேட் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் கப்பலில் ஏறுகிற பெட்டிகளையும் இறங்குகிற பெட்டிகளையும் எண்ணி எழுதிக்கொண்டே இருந்தார்.

அறுபத்தெட்டு வயதில், மனைவியும் போன பிறகு, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி கிளறன்ஸிடமிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தது. பூசை முடிந்து வந்து சேட்டைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம். கிளறன்ஸ் அங்கே போய் முப்பத்திரண்டு வருசம். போன வருசம் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து போயின. அதற்குப் பிறகு அவன் ஹியூபேட்டுடன் கதைத்ததே இல்லை. மகள் றஷ்மிதான் இடைக்கிடை படம் அனுப்புவாள்.

"அண்ணே," என்றான் கிளறன்ஸ். "றஷ்மிக்குக் கலியாணம். கோயில்ல நீங்க கூட்டிக்கொண்டு போங்க."

அவ்வளவுதான். சுகம் விசாரிப்பு இல்லை, சிரிப்பு இல்லை. மணப்பெண்ணைக் கைபிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப் போவது தகப்பனின் வேலை. தம்பி அதைத் தன்னிடம் தருகிறான் என்று கேட்டதும் ஹியூபேட்டின் நெஞ்சு நிறைந்தே போனது. வாய் மட்டும் பழக்கதோசத்தில் போய்விட்டது.

"எனக்கேன் தம்பி அதெல்லாம். வேண்டாம். அங்க பெரிய பெரிய ஆக்கள் இருப்பாங்க, அவங்களைக் கேள்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

லைன் கட்டாகிவிட்டது, திரும்ப எடுப்பான் என்று ஹியூபேட் இருந்தார். பின்னேரம் வரைக்கும் குளிக்கவும் போகவில்லை. அடுத்த நாள் தன் கறுப்புக் கோட் சூட்டை லோண்டரியில் கொடுத்தார். புதுச் சப்பாத்து வாங்கினார். முன் கதவிலிருந்து குசினி வரைக்கும், இடது கையை மடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தும் பார்த்தார். மூன்று கிழமை போனது. தொலைபேசி அடிக்கவில்லை.

புதன்கிழமை வெள்ளவத்தையிலிருந்து தங்கை றோஸி எடுத்தாள். "அண்ணே, றஷ்மியை ஒஸ்வால்ட் தான் கூட்டிக்கொண்டு போறாராம். நீங்க மாட்டன் எண்டிட்டீங்களாமே." ஒஸ்வால்ட் றஷ்மியின் தாய்மாமன்.

"நான் எப்ப மாட்டன் எண்டனான்? ஒருக்கால் வேண்டாம் எண்டனான். அவன் திரும்பக் கேக்கேல்ல."

றோஸிக்கு அது விளங்கியது. அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள் தானே. "சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பூசை. போறீங்களா?"

"இனி எனக்கேன்..."

"போறீங்களா அண்ணே?"

"சரி," என்றார் ஹியூபேட்.

றோஸியின் மகன் அனுஜன் அன்றிரவே டிக்கெட் போட்டான். நேரே போகிற விமானங்களில் இடமில்லை. கிடைத்தது இரண்டு மலிவு விமானங்கள்: ஒன்று வெள்ளி காலை பாங்கொக்குக்கு, மற்றது அங்கிருந்து பின்னேரம் சிங்கப்பூருக்கு. இரண்டும் வேறு வேறு கம்பனி. ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது என்றான் அனுஜன். சிங்கப்பூருக்குப் போகிற மனுசனை எதற்காகப் பாங்கொக்கில் இறக்கி விடுகிறார்கள் என்பது ஹியூபேட்டுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

அதைவிட விளங்காத இன்னொன்றும் இருந்தது. அழையா வீட்டுக்குள் நுழையாச் சம்பந்தி என்பார்கள். அவர் அழைக்கப்பட்டவரா, அழைக்கப்படாதவரா? ஒரு தரம் அழைத்தான், உண்மை. ஒரு தரம் அழைத்தால் அது அழைப்பா? "நான் வாறது அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்று றோஸியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது.

கட்டுநாயக்கவில் பையைத் தராசில் வைத்த பெண், "அங்கல், பேக் எக பர வெடியி," என்றாள். பை பாரம் கூடவாம், ஏழு கிலோதான் விடுவார்களாம். பையில் பாரமே றோஸியின் கேக்தான். முந்திரிப்பருப்பும் சீனிப்பாகில் காய்ச்சிய பூசணி தோசியும் போட்டு இரண்டு நாளாக அவள் செய்த கலியாணக் கேக், மூன்று கிலோ. அதை விட்டுவிட்டுப் போக முடியாது. ஹியூபேட் ஓரமாகப் போய்ச் சூட்டை எடுத்து உடுத்தினார், சப்பாத்தை மாட்டினார், சவரச் சாமானைக் கோட்டுப் பையில் திணித்தார். அந்த வெக்கையில் கறுப்புக் கோட்டோடு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஒருவர் இவருக்கு மரியாதையாக வழி விட்டார். வேண்டாம் வேண்டாம் என்று ஹியூபேட் பின்னுக்கே நின்றார்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஷஹீமா என்ற பெண். வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருப்பவள், மாதம் ஒரு தரம் பாங்கொக் போய்ச் சாமான் எடுத்து வருகிறவள். சாப்பாட்டு வண்டி வந்தது. ஹியூபேட் முன்னேற்பாடாக மடிப்பலகையை விரித்து, கையைத் துடைத்து, தயாராகத்தான் இருந்தார். வண்டிக்காரப் பெண் குனிந்து கேட்டாள். "நோ, நோ, தேங்க் யூ," என்றார் முகம் மலர. வண்டி போய்விட்டது. கழுத்தைத் திருப்பி அது கடைசி வரிசை வரைக்கும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோதும் நிற்கவில்லை.

ஷஹீமா தன் பெட்டியைத் திறந்தாள். "அங்கிள், கட்லட் ஒண்டு தின்னுங்களே."

"வேண்டாம் மகள், இப்பத்தான் சாப்பிட்டனான்."

"எங்க சாப்பிட்டீங்க? ரெண்டு மணித்தியாலமா பக்கத்திலதானே ஈக்கிறேன். எடுங்க." இரண்டு கட்லட்டை அவர் பலகையில் வைத்தாள். "எங்கட வாப்பாவும் இப்படித்தான். இந்த பிளேன்ல ரெண்டாந்தரம் கேக்க மாட்டாங்க அங்கிள். சல்லி குடுத்து வாங்கிறதுதான் எல்லாம், தண்ணியும்."

விருந்தோம்பல் என்று நினைத்தது வியாபாரமா என்று ஹியூபேட் வெட்கப்பட்டார். ஆனால் கட்லட் நன்றாக இருந்தது, பெண்ணும் நல்ல பெண்ணாக இருந்தாள். மூன்று கிழமையாக மனசில் கிடந்ததை அவளிடம் கொட்டிவிட்டார்.

"மகள், ஒரு தரம் கூப்பிட்டா அது கூப்பிட்டதா?"

அவள் நேராகப் பதில் சொல்லவில்லை. "ஒங்கட தம்பி ஒங்களோட வளர்ந்தவர்தானே. ரெண்டு தரம் கேக்கோணும் எண்டு அவருக்குத் தெரியாதா?"

"தெரியாமல் என்ன. அவனும் அப்படித்தான் இருந்தவன்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல்ல?"

ஹியூபேட்டுக்கு யோசனை ஓடியது. முப்பத்திரண்டு வருசத்தில் மறந்துவிட்டானா? காசு வந்து கொழுத்துப் போனானா? அல்லது முதல் தரம் கேட்டதே ஒப்புக்குத்தானா, அண்ணன் வேண்டாம் என்பார் என்று தெரிந்து கேட்டானா? இந்தக் கடைசி யோசனை வந்ததும் மிச்சக் கட்லட்டைப் பலகையில் வைத்துவிட்டார். அந்தக் குரலை நினைத்துப் பார்த்தார். வெட்டு வெட்டாகப் பேசிய குரல். கடமைக்குப் பேசியது மாதிரித்தான் இருந்தது.

பாங்கொக்கில் ஷஹீமா இல்லாவிட்டால் அவர் கதை கந்தல். வெளியே போய், முத்திரை குத்தி, திரும்ப முதலிலிருந்து உள்ளே வர வேண்டுமாம். கொழும்பில் ஒரு பெட்டியை ஏற்றிவிட்டால் எந்தத் துறைமுகத்தில் கப்பல் மாறினாலும் அது தானாகப் போய்ச் சேரும், அதற்கு ஒரு தாள் போதும். பெட்டிக்கு இருக்கிற மரியாதை மனுசனுக்கு இல்லையே என்று அவர் ஷஹீமாவிடம் சொல்லிக்கொண்டே நடந்தார். அவள் சரியான வரிசையில் அவரை நிறுத்திவிட்டு, "அங்கிள், யாரும் கேட்டா வேண்டாம் எண்டு செல்லாம முதல் தரமே ஓம் எண்டு செல்லுங்க," என்று சொல்லிப் போய்விட்டாள்.

அதன் பிறகு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரித்தான். வாசல் இலக்கம் மூன்று தரம் மாறியது. ஒவ்வொரு தரமும் ஒரு கூட்டம் எழும்பி ஓடியது, கேக்கைத் தூக்கிக்கொண்டு அவரும் ஓடினார். பிறகு அறிவிப்புப் பலகையில் ஏதோ சிவப்பாக எரிந்தது. பின்னேர விமானம் விடியற்காலைக்குப் போய்விட்டது என்பதை அவர் அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்துகொண்டார். கைக்கடிகாரம் கொழும்பு நேரத்தில் ஓடியது. பாங்கொக்குக்கு ஒன்றரை மணித்தியாலம் கூட்ட வேண்டும், சிங்கப்பூருக்கு இரண்டரை. பதினொரு மணிப் பூசைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று விரலை மடித்து மடித்துப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் வேறு விடை வந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றும் யோசித்தார். திரும்பிப் போவதற்கும் எந்த வரிசை என்று தெரியவில்லை.

சிங்கப்பூரில் டாக்ஸி கோயில் வாசலில் நின்றபோது அவருடைய கடிகாரத்தில் எட்டு இருபது. பத்து ஐம்பது என்று கணக்குப் பார்ப்பதற்குள் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. உடுத்திய சூட் கசங்கி, ஒரு நாள் தாடியோடு, கையில் கேக் பையுடன் ஹியூபேட் படியேறினார்.

மேலே றஷ்மி வெள்ளை உடுப்பில் நின்றாள். பக்கத்தில் ஒஸ்வால்ட், கோட்டில் ஒரு வெள்ளைப் பூக் குத்தியிருந்தார். அவர்களுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் கிளறன்ஸ், பாதியாக மெலிந்து போய். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒஸ்வால்ட் தங்கமான மனுசன். ஆளைப் பார்த்த உடனே விளங்கிக்கொண்டு, கோட்டுப் பூவில் கை வைத்தார். "நீங்க வந்துட்டீங்களே. நீங்களே கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஐயோ வேண்டாம், நீங்களே..." என்று வந்துவிட்டது ஹியூபேட்டின் வாயில். ஷஹீமா சொல்லி அனுப்பியது காற்றோடு போனது. ஒஸ்வால்ட் தலையாட்டிவிட்டு, பூவிலிருந்து கையை எடுத்தார்.

அப்போது கிளறன்ஸ் அசைந்தான். இடது கையைத் தூக்கினான். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. "அண்..." என்றான். நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. "அண்... ணே..."

ஹியூபேட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. றஷ்மி அவர் தோளோரம் வந்து தணிந்த குரலில் சொன்னாள். "பெரியப்பா, அப்பாவுக்குப் பேச்சு வராது. யாருக்கும் தெரியக் கூடாதுன்னுட்டாரு. அன்னைக்கு உங்ககிட்ட போன்ல பேசினாரே, அந்த ரெண்டு வரிய மூணு நாள் பழகினாரு. நீங்க வேணாம்னதும் திரும்பக் கேக்கணும்னு தினம் உக்காந்து பழகினாரு. அண்ணனை ரெண்டு தடவை கேக்கணும், நான்தான் கேக்கணும்னு இடது கையால எழுதிக் காட்டினாரு. வரவே இல்ல பெரியப்பா."

"அண்ணே... நீங்... க..." என்றான் கிளறன்ஸ்.

"ஓம் தம்பி," என்றார் ஹியூபேட். "ஓம்."

கேக் பையை ஒஸ்வால்டின் கையில் கொடுத்துவிட்டு, தம்பிக்கு முன்னால் குந்தினார். ஒஸ்வால்ட் குனிந்து, வெள்ளைப் பூவை அந்தக் கசங்கிய கோட்டில் குத்தினார். உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது, யாரோ வந்து கையைக் காட்டினார்கள்.

கிளறன்ஸ் விடவில்லை. அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனாலும் அவன் கேட்டு முடிக்க வேண்டியிருந்தது. கூட்டி என்பதற்கு ஒரு மூச்சு, கொண்டு என்பதற்கு ஒரு மூச்சு. போங்க என்று அவன் முடிக்கும் வரைக்கும் கோயில் முழுக்கக் காத்திருந்தது. ஹியூபேட் குந்தியபடியே ஒரு சொல் விடாமல் கேட்டார்.

பிறகு இரண்டாந்தரமும் ஓம் என்றார்.