லேப்டாப் கூப்பிட்ட பெயர்

என் தம்பி பெண்டாட்டி ஷமாவைப் போல ஓர் அழுத்தக்காரியை இந்தப் பேகம்பூரில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. நத்தத்துப் பெண். கோபம் வந்தாலும் தெரியாது, பசி வந்தாலும் தெரியாது. நான் நேர் எதிர், வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். அப்படியும் எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

தம்பி ஹஸ்ஸான் போன வருஷம் வேடசந்தூர் ரோட்டில் பைக்கில் போனவன், மையித்தாகத்தான் வீட்டுக்கு வந்தான். புருஷனுக்காக நாலு மாசம் பத்து நாள் துக்கம் இருக்கும் இத்தா முடிந்ததும் ஷமாவைக் கூட்டிப்போக அவள் அண்ணன் வந்து நின்றான். "நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்றாள். சும்மா இருந்தால் விடுவார்களா? ஹஸ்ஸானின் பழைய லேப்டாப்பை எடுத்து, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலை ஒன்றைப் பிடித்தாள். அண்ணன் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினான். அந்த வேலை இருக்கும்வரைதான் அவள் என்னோடும் அம்மாவோடும் இந்த வீட்டில் இருக்க முடியும்.

அதற்கும் வந்தது கேடு. பாடம் நடக்கும்போதே படம் உறைந்து போகும், குரல் அறுந்து போகும். செத்த நேரத்தில் தானாகச் சரியாகும், மறுபடி அறுந்துவிடும். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக வேலை கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஹஸ்ஸான் அதில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தான், அதனால் ஒரு கடைக்காரரும் தொடவில்லை. அவன் கூட்டாளி இனிகோ போனில் சொல்லச் சொல்ல, இவள் தட்டினாள். வைஃபை கார்டை இயக்கும் டிரைவரைப் புதுசாக்கினார்கள். கார்டு இடையில் தூங்கிவிடுகிறதோ என்று பவர் சேவிங்கை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டு சிக்னல் இடிக்கிறதென்று சேனலை மாற்றினார்கள். நான் என் பங்குக்கு ரவுட்டரையே அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மாட்டச் சொன்னேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரு மத்தியானம் டீ கொண்டுபோனேன். பாடம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கையிரண்டும் மடியில் கிடந்தன. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான், அதற்காகத் தம்பி பேர் தெரியாமல் போகுமா? ஹஸ்ஸான் என்று ஒரு வரி வந்து மேலே போனது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஹஸ்ஸான். யாரும் தட்டவில்லை. டம்ளரை வைத்துவிட்டு மாடிக்குப் போய் இனிகோவுக்குப் போன் போட்டேன்.

"பயப்படாதீங்கக்கா," என்றான். "அவன் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு அவன் பேரைத்தான் வச்சிருந்தான். வேலை செய்யுற எடத்துல ஆளாளுக்கு ஓசி நெட்டுக்கு வாரானுங்கன்னு, அந்தப் பேரு யாருக்கும் தெரியாம மறைச்சும் வச்சுட்டான். மறைச்சு வச்சதை லேப்டாப் தானாக் கண்டுபிடிக்காது. இருக்கியா, இருக்கியான்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பாக்கும். பழைய கார்டு, அதுக்கு ஒரு வாய்தான? அது கூப்பிடப் போற நேரம் பாடம் நின்னுருது."

"அப்ப அதை அழிச்சிர வேண்டியதுதான அப்பு?"

"நான் போன மாசமே சொல்லிட்டேனேக்கா. அழிச்சிட்டேன்னு சொன்னாங்களே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் படி எப்படி இறங்கினேன் என்றே தெரியாது. "ஏன்டி, தெரிஞ்சுக்கிட்டே வேலையத் தொலைக்கப் பாக்குறியா? நாளைக்கு உங்கண்ணன் வந்து நின்னா நான் என்னன்னு சொல்லுவேன்? கூப்பிட்டா வாரவனா அவன்?" என்று கத்தினேன்.

ஷமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவுக பேரைக் கேட்டா அம்மா சோறு தொட மாட்டாங்கன்னு, பேரையே எடுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க மதினி. நான் நிக்காஹ் ஆன நாள்ல இருந்து அவுக பேரை வாயால சொன்னதில்ல. இந்த வீட்டுல அவுகளைக் கூப்பிடுறது இது ஒண்ணுதான். இதையும் நிறுத்திட்டா அவுகளை யாரு தேடுவா?"

திட்ட வந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை அவன். ஒரு வருஷமாக அவன் பேர் காதில் விழாமல்தான் நானும் சோறு தின்றிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது.

பாடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "நீயே கூப்பிடு," என்றேன். "அம்மாவுக்குக் கேட்டாலும் கேக்கட்டும்."

அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு, மாடியில் இருக்கிறவரைச் சாப்பிடக் கூப்பிடுவது போலச் சத்தமாகவே, "ஹஸ்ஸான்" என்றாள்.

இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஷமா அந்தப் பெயரை லேப்டாப்பிலிருந்து அழித்தாள். அன்றைக்குப் பாடம் ஓரிடத்தில்கூட அறுபடவில்லை.