நாலு படத்தில் ஒரே புள்ளி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், அணுமின் நிலையத்துக்குக் குழாய் செய்யும் கம்பெனியில் நான் வெல்டர். ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே படம் எடுத்து, வெல்டரின் நம்பரோடு கோப்பில் வைப்பது விதி.

ஒருநாள் தண்ணீர் ஏற்றிச் சோதித்தபோது ஓர் இணைப்பு ஒழுகியது. மேனேஜருடைய மச்சான் போட்டது அது. மேனேஜர் அதை என் நம்பரில் எழுதிவிட்டு, எல்லார் முன்னாலும், "உன் கைல எவன்யா டார்ச் குடுத்தது? போய் துரு தேய்" என்றார். பதினாறு வருஷம் வெல்டிங் டார்ச் பிடித்த கை இது. உடம்பெல்லாம் எரிந்தது. இவரைச் சும்மா விடக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

துரு தேய்க்கும் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் படங்களைக் காயவைப்பார்கள். ஒரு மதியம், அங்கே தொங்கிய படம் ஒன்றில் பொடி வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன். என் டார்ச்சின் ஊசிமுனை உடைந்து உள்ளே தங்கிய துணுக்கு அது. ஆபத்தில்லை என்று எப்போதோ பாஸானது. அதே புள்ளி அடுத்த மூன்று படங்களிலும் இருந்தது. நாலிலும் இருந்தது என் நம்பர் இல்லை, மச்சானின் நம்பர். மேனேஜர் என் இணைப்பையே நாலு தடவை படம் பிடித்து, மச்சானின் ஓட்டைகளை மறைத்திருக்கிறார்.

அன்றே சொல்லியிருந்தால் படங்களைக் கொளுத்திவிட்டு என்னையும் வெளியே அனுப்பியிருப்பார். நிலையம் கட்ட உதவும் வெளிநாட்டிலிருந்து பரிசோதகர்கள் வருவார்கள் என்று தெரியும். ஐந்து மாதம் துரு தேய்த்துக்கொண்டு காத்திருந்தேன். தினமும் அவருக்கு வணக்கமும் வைத்தேன்.

வந்தார்கள். மேனேஜர் சால்வையோடு நின்றார். நான் கையுறையைக் கழற்றிவிட்டு நேரே போய், மொழிபெயர்க்க வந்த நம் ஊர் அதிகாரியிடம் கோப்பிலிருந்த அந்தப் படங்களைக் காட்டி, "சார், இந்த நாலு படத்துலயும் ஒரே புள்ளி கீது பாருங்க. அது என்னுது" என்றேன்.

வெளிநாட்டுக்காரர் நாலையும் விளக்குப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். நாலு புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்தன. மேனேஜருக்குப் பேயறைந்த முகம். இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

வெளிநாட்டுக்காரர் என் தோளைத் தட்டி ஏதோ கேட்டார். அதிகாரி தமிழில் சொன்னார்: "எவ்ளோ நாளா தெரியும்னு கேக்குறாரு."

"அஞ்சு மாசமா."

அவர் கை என் தோளிலிருந்து இறங்கியது. போன மாதம்தான் ஒரு லோடு நிலையத்துக்குப் போயிருந்தது. மச்சானின் குழாய்களும் அதில் இருந்தன. துரு தேய்த்துப் பளபளவென்று லாரியில் ஏற்றிவிட்டது நான்தான்.